மாடு பூட்டாத மோட்டார்

எங்கள் வீட்டு மோட்டார் காருக்கு இரண்டு மாடுகள் உண்டு. ஒன்று செவலை, ஒன்று மயிலை. காலையில் சித்தப்பா குளித்து, நெற்றியில் நீறு இட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்காருவார். எங்கள் பண்ணையாள் ஒரு வடக்கயிற்றை மாடுகளின் நுகத்தடியிலிருந்து கொண்டுவந்து காரின் முன் அச்சில் கட்டுவார். பிறகு மாடுகள் ஓடும், அவற்றின் பின்னால் கார் ஓடும், காரின் பின்னால் தெருநாய்கள் ஓடும், எல்லோருக்கும் பின்னால் நான் ஓடுவேன். ஏரிக்கரைச் சரிவு முடிவதற்குள் இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். பிடித்த மாத்திரத்தில் நிலைமை தலைகீழாகிவிடும். அதுவரை இழுத்த மாடுகளை இப்போது கார் துரத்தும். பண்ணையாள் பாய்ந்து கயிற்றை அவிழ்க்க வேண்டும். ஒருமுறை அவிழ்க்கச் சற்றுத் தாமதமாகிவிட்டது. மாடுகள் மிரண்டு, காரையும் சித்தப்பாவையும் சேர்த்துப் பெரியப்பாவின் நாற்றங்காலில் கொண்டுபோய் நிறுத்தின. சித்தப்பா அப்போதும் தொப்பியைக் கழற்றவில்லை.

கார் என்னைவிட மூத்தது. சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு பிரெஞ்சுக்கார இஞ்சினீயரிடம் சித்தப்பா அதை வாங்கினார். வாங்கும்போதே, முன்னால் சொருகிச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடிக் கம்பி காணாமல் போயிருந்தது. எங்கள் ஊர்க் கொல்லர் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தார். முதல் நாளே அது திருப்பியடித்துச் சித்தப்பாவின் மணிக்கட்டை வீங்கவைத்தது. அதோடு அதை மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டி கட்டுகிற முளையாக அடித்துவிட்டார்கள். மீதி இருந்தது காலால் மிதிக்கிற ஸ்டார்ட்டர் ஒன்றுதான். மிதித்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து இஞ்சினைச் சுற்றிவிட வேண்டும். எங்கள் கார் மிதித்தால் பல்லி கொட்டுவது போல 'டக்' என்று ஒரு சத்தம் போடும். சகுனம் பார்க்கிற வீடு என்பதால் பெரியம்மா உடனே அது எந்தத் திசையில் கேட்டது என்று விசாரிப்பார்.

பேட்டரி என்பது ஒரு பானை மாதிரி என்று சித்தப்பா எனக்குச் சொல்லியிருந்தார். கார் ஓடும்போது டைனமோ என்கிற உருளை சுற்றி அந்தப் பானையை நிரப்பும். நிறுத்தினால் பானை நிரம்பியபடியே இருக்க வேண்டும். எங்கள் பானை சாயங்காலம் நிரம்பியிருக்கும், விடிந்தால் வறண்டு கிடக்கும். பேட்டரி கிழமாகிவிட்டது என்று புதுச்சேரியில் ஒரு மெக்கானிக் சொன்னார். புது பேட்டரி வந்தது. ஒரு வாரத்தில் அதுவும் பழையதைப் போலவே ஆயிற்று. அப்போதுதான் பெரியம்மா இது கண்ணேறு என்று தீர்மானித்தார். ஒரு பூசாரியிடம் மந்திரித்த செப்புத் தகடு வாங்கிவந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டிக்குள் அதைப் படுக்கவைத்து, மேலே சிவப்புத் துணி போர்த்தினார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் நீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் அப்பி, கற்பூரம் காட்டுவார். மண்டலம் முடியும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் கை விளங்காமல் போகும் என்று பூசாரி சொல்லியிருந்தாராம்.

இத்தனைக்கும் பிறகும் மாடுகளுக்கு ஓய்வில்லை. வில்லியனூர்ச் சந்தையில் எங்கள் காருக்கு 'மாட்டு மோட்டார்' என்று பெயர் விழுந்துவிட்டது. ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிறவர்கள் சித்தப்பாவைக் கண்டால் விடமாட்டார்கள்.

"இன்னா நயினா, இன்னிக்கு பெட்ரோலா, பருத்திக்கொட்டயா?"

சித்தப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார். கோபம் வந்ததெல்லாம் பெரியப்பாவுக்குத்தான். நிலபுலமும் கரும்புத் தோட்டமும் அவர் கையில் இருந்தன. ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மோர் சாதத்தைப் பிசைந்தபடி அவர் தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, பொங்கலு வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள மாடில்லாம இது கெளம்பல, நாலு சக்கரத்தையும் கழட்டி கரும்பு வண்டிக்குப் போட்ருவேன். ரப்பர் சக்கரம் போட்டா மாட்டுக்கும் நோவாது."

அப்பா, பெரியப்பா பேசும்போது பேசாதவர். சித்தப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டார். சக்கரம் கழன்ற கார் கொட்டகையில் கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் வயிற்றால் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே பாகூரிலிருந்து ஆள் வந்தது. சித்தப்பாவுக்கு அங்கே ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பனாருக்குச் சம்மதம். பெண்ணின் தாய்மாமனுக்குத்தான் சந்தேகம். சந்தைக்கு வந்த இடத்தில் எங்கள் காரைப் பற்றி அவர் காதிலும் விழுந்திருந்தது. மாட்டை விட்டு மோட்டார் இழுக்கிற வீட்டில் பெண் கொடுத்தால் ஊர் சிரிக்காதா என்று கேட்டாராம். கேட்டவர் அதோடு நிற்கவில்லை. தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரட்டும், ஆனால் மாட்டுப் பொங்கலன்று வரட்டும், மோட்டாரிலேயே வரட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

பெரியப்பா விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஆளு கெட்டிக்காரன்" என்றார். மாட்டுப் பொங்கலன்று எந்த வீட்டிலும் மாட்டின் கழுத்தில் நுகத்தடி ஏறாது. அன்று அவை குளித்து, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டுக்கொண்டு பொங்கல் தின்னுகிற தேவதைகள். எங்கள் காரின் உயிர்நாடியைச் சரியாகப் பார்த்துப் பிடித்திருந்தார் அந்த மனிதர். நாலு ஆட்களை விட்டுத் தள்ளி இங்கிருந்து கிளம்பிவிடலாம்தான். ஆனால் பாகூரில், பெண் வீட்டு வாசலில், ஊர் கூடி நிற்கையில் யார் தள்ளுவது? மாப்பிள்ளையா?

சித்தப்பாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாகூர் ஏரிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அவர் பார்த்திருந்தார். அன்றிலிருந்து காரைத் துடைக்கும்போது பாடுவார். ஆள் வந்துபோன நாளிலிருந்து பாட்டு நின்றுவிட்டது.

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்லியனூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் படிப்பேன், ஆனால் ஒரு இடத்தில் உட்காரமாட்டேன். வீட்டில் நான் பிரித்துப் பார்க்காத சாமான் இல்லை. சித்தப்பாவின் டார்ச் லைட்டைப் பிரித்துத் திரும்பவும் மாட்டியிருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்திருக்கிறேன், அவ்வளவுதான். பள்ளியில் பிரெஞ்சில் நடத்திய பாடம் ஒன்று என் தலையில் வண்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வழி இருந்தால்தான் புறப்படுமாம். வழி இல்லையென்றால் அசையாதாம். அப்படியானால், கார் தூங்கும்போது எங்கள் பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறது என்றால், எங்கேயோ ஒரு கள்ள வழி திறந்திருக்க வேண்டும்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் காரின் படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். விட்ட வாயை மூடாமலே கேட்டார்.

"வழியடச்சா நின்னுடுமா பாப்பா?"

"அடைக்கறதுக்கு முன்னாடி எந்த வழின்னு தெரியணும் சித்தப்பா."

"அது எப்டி தெரியும்?"

காரின் பின்விளக்கிலிருந்து பல்பைக் கழற்றச் சொன்னேன். அதில் இரண்டு கம்பிகளைச் சுற்றினேன். பேட்டரியிலிருந்து காருக்குப் போகிற தடித்த வயரை, சீட்டுக்கு அடியிலிருந்த சிவப்புத் துணியைத் தொடாமல், பெட்டிக்கு வெளியே மறுமுனையில் அவர் கழற்றினார். கழற்றிய இடத்தில், வயருக்கும் காருக்கும் நடுவே பல்பை வைத்தோம். இனி பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் வெளியே போனாலும் பல்பைத் தாண்டித்தான் போக வேண்டும். காரில் எல்லா சுவிட்சும் அணைந்திருந்தன. சாவி சித்தப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒளிந்து பிடித்து விளையாடும்போது வைக்கோற்போரின் பின்னாலிருந்து பாவாடை நுனி தெரிந்தால் வருமே ஒரு சந்தோஷம், அது வந்தது.

"உள்ளதான்டா இருக்கான்" என்றார் சித்தப்பா மெதுவாக.

பிறகு ஒவ்வொரு வயராகக் கழற்றினோம். ஹாரன் வயரைக் கழற்றினார், பல்பு எரிந்தது. விளக்குகளின் வயரைக் கழற்றினார், எரிந்தது. ஒவ்வொன்றையும் எங்கே இருந்தது என்று மறக்காமலிருக்க நான் வேறு வேறு வண்ணப் புடவைக் கிழிசலைக் கட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் டைனமோவின் வயரைத் தொட்டுக் கழற்றியதும் பல்பு பட்டென்று அணைந்தது. திரும்ப மாட்டினால் எரிந்தது. கழற்றினால் அணைந்தது. அதை எத்தனை தரம் செய்து பார்த்தோம் என்று தெரியாது. அலுக்கவில்லை.

டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கட்-அவுட் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. டைனமோ சுற்றும்போது வாயைத் திறந்து மின்சாரத்தைப் பேட்டரிக்கு விட வேண்டும்; நின்றதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பியது அத்தனையும் வந்த வழியே திரும்பி டைனமோவுக்குள் போய்விடும். மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே, தொட்டால் வழி விட்டு விலகினால் அடைக்க வேண்டிய இரண்டு வெள்ளிப் புள்ளிகள் கருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன; வழி மூடவே இல்லை. எங்கள் வீட்டுப் பூனை மார்கழிக் குளிரில் எதற்காக விடியவிடிய காரின் முன்மூடிக்குள் போய் டைனமோவின் மேல் படுத்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. பேட்டரியைக் குடித்து டைனமோ சூடாகிக்கொண்டிருந்தது. பூனைக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா உப்புத்தாளால் புள்ளிகளைத் தேய்த்துப் பிரித்து விட்டார். எல்லா வயரையும் மாட்டியபின் பல்பை வைத்துப் பார்த்தோம். எரியவில்லை. அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினார். மாடுகளைக் கட்டி இழுத்துக் காரைக் கிளப்பி, மூலக்குளம்வரை ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொண்டு வந்தோம். அன்று சாயங்காலம் நான் யாரிடமும் நேராகப் பேசவில்லை. எல்லோரையும் கொஞ்சம் மேலேயிருந்து பார்த்துத்தான் பேசினேன்.

மறுநாள் காலை குடும்பமே கூடியது. அம்மா அடுப்பை விட்டு வந்தாள். பெரியப்பா பல்குச்சியோடு நின்றார். சித்தப்பா மிதித்தார்.

டக்.

பெரியப்பா குனிந்து, முன்சக்கரத்தின் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

நான் மாட்டுக்கொட்டகைக்குப் போய் வைக்கோலில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அழத் தோன்றவில்லை. பல்பின் மேல்தான் கோபம் வந்தது. அது பொய் சொல்லியிருக்கிறது. அணைந்திருந்தது, ஆனால் மின்சாரம் போயிருக்கிறது. எப்படிப் போக முடியும்? பல்பைத் தாண்டாமல் எந்த வயருக்கும் போக முடியாதே. வாசலில் காவல்காரனை நிறுத்திவிட்டோம். காவல்காரன் தூங்கவில்லை. ஆனாலும் வீட்டில் திருட்டுப் போகிறது என்றால், திருடன் வாசலைத் தாண்டவே இல்லை என்று அர்த்தம். அவன் பானையின் பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்கிறான்.

எழுந்து ஓடினேன். சித்தப்பா சீட்டைத் தூக்கினார். பேட்டரிப் பெட்டிக்குள் சிவப்புத் துணி. ஒரு குச்சியால் துணியை ஓரமாக விலக்கினேன். கையால் தொடத் துணிச்சல் வரவில்லை, பூசாரியின் எச்சரிக்கை எனக்கும் பொதுதானே. செப்புத் தகட்டின் ஒரு முனை பேட்டரியின் தலையில் வயர் மாட்டுகிற இரண்டு ஈயக் கொம்புகளில் ஒன்றின் மேல் சாய்ந்திருந்தது. மறு முனைக்கும் அடுத்த கொம்புக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க வெள்ளிக்கிழமைச் சந்தனமும் குங்குமமும் மஞ்சள் நீரும் குழைந்து, ஈரம் காயாமல், பாசி பிடித்தது போலப் பச்சையாகப் பூத்திருந்தது. மின்சாரம் அந்தச் சந்தனப் பாலத்தின் மேல் ராப்பகலாக நடந்துபோய்க்கொண்டிருந்தது. கட்-அவுட் கெட்டதால் வந்த நோய்க்குத் தகடு வைத்தார்கள். கட்-அவுட் குணமான பிறகு தகடே நோயாகிவிட்டது.

"எடுத்துடலாமா?" என்றேன்.

சித்தப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். "அண்ணி என்னை எடுத்துடுவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தத் தகட்டை வைத்த பிறகுதான் சித்தப்பாவுக்குப் பெண் அமைந்தது என்று பெரியம்மா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். சந்தனத்தில் மின்சாரம் நடக்கிறது என்று அவரிடம் விளக்கினால் எனக்கும் மந்திரித்துவிடுவார். நான் வேறு மாதிரி யோசித்தேன். பெரியம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, உடைந்த முறுக்குகளைப் பொறுக்கித் தின்றபடி கேட்டேன்.

"பெரிம்மா, கண்ணு படறது முன்னாடியிருந்தா, அடியிலிருந்தா?"

"இதென்னா கேள்வி? எதுர்ல வர்றவ கண்ணுதான் படும்."

"அப்போ தகடு சீட்டுக்கு அடியில கெடக்குதே. அதுக்கு எப்டி தெரியும், எதுர்ல யார் வர்றாங்கன்னு?"

முறுக்கு அச்சு ஒரு கணம் நின்றது.

"அந்தப் பாகூரு தாய்மாமன் வேற எதுர்லயே நிப்பாரு" என்று சேர்த்துவிட்டு, இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பெரியம்மாவே குளித்து முழுகி வந்து, ஏதோ முணுமுணுத்தபடி தகட்டை வெளியே எடுத்தார். இடம் மாற்றினால் தோஷமில்லை, எடுத்துத் தூர வைத்தால்தான் தோஷம் என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். காரின் முகப்பில், விளக்குகளுக்கு நடுவில், உலகத்தையே முறைத்துப் பார்க்கிற மாதிரி தகட்டைக் கட்டினோம். சித்தப்பா பேட்டரியின் தலையைத் துணியால் ஒற்றி எடுத்தார். மறுபடி மாடு, மறுபடி மூலக்குளம். போகிப் பொங்கலன்று காலையில் சித்தப்பா தனியாக, யாரையும் கூப்பிடாமல், சத்தமில்லாமல் சீட்டில் ஏறி மிதித்தார். இஞ்சின் ஒரு தரம் உறுமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கொட்டகையில் செவலையும் மயிலையும் தாமாகவே எழுந்து நின்றன, பழக்கம்.

"பாத்தியா, முன்னாடி வச்சதும் கேக்குது" என்றார் பெரியம்மா. வாதாட ஒன்றுமில்லை. தகட்டை இடம் மாற்றியதால்தான் கார் கிளம்பியது. இன்றுவரை அந்தப் பெருமை அவரிடமே இருக்கிறது.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குப் படைக்க அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, நான் நால்வரும் புறப்பட்டோம். புதுச்சேரியைச் சுற்றிக் கடலூர்ச் சாலையைப் பிடித்தோம். எங்கள் ஊரும் பாகூரும் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தன, ஆனால் வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வரும். அங்கே போனதும் சாலையில் வலப்பக்கம் போனவர்கள் இடப்பக்கம் மாற வேண்டும். தாண்டியதும் திரும்ப மாற வேண்டும். சித்தப்பா மாறும்போதெல்லாம் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். வழியெல்லாம் மாலை போட்ட மாடுகள் நின்று எங்களைப் பார்த்தன.

பாகூரில் பெண் வீட்டுத் தெருவில் கார் நுழைந்தபோது ஊரே வெளியில் நின்றது. இஞ்சினை அணைக்காதே என்று பெரியப்பா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். தாய்மாமன் காதைப் பொத்திக்கொண்டு வந்து வரவேற்றார். பெரிய மீசை, பெரிய தொந்தி, கண்ணில் மட்டும் சிரிப்பு.

"அணைங்க தம்பி. பச்சப் புள்ளைங்க பயப்படுது. போவசொல கெளப்பிக்கலாம்."

சித்தப்பா அணைத்தார். பலகாரம் வந்தது, காப்பி வந்தது, பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போனாள். நான் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை. என் மனசெல்லாம் வாசலில் இருந்தது. வெற்றிலைத் தட்டு வந்ததும் தாய்மாமன் பாக்கை வெட்டிக்கொண்டே எழுந்தார். ஊரும் அவரோடு எழுந்தது.

"எங்க, வண்டியக் கெளப்புங்க பாப்போம். மாட்டுக்குத்தான் இன்னிக்கு லீவாச்சே."

சித்தப்பா ஏறி மிதித்தார்.

டக்.

மறுபடி மிதித்தார். டக். யாரோ பின்னாலிருந்து, "பருத்திக்கொட்ட வையுங்கபா" என்றார்கள். சிரிப்பு தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தது. பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பாவின் இடத்தில் வேறொருவர் இருந்தால் காரை உதைத்திருப்பார், அல்லது என்னை அறைந்திருப்பார். சித்தப்பா இறங்கி வந்து, புது வேட்டியோடு என் முன்னால் மண்ணில் குந்திக்கொண்டார். ஊர் பார்க்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

"பாப்பா, நீ சொல்லு. இன்னா பண்ணலாம்?"

என் வாயில் அதிரசம் இருந்தது. விழுங்கிவிட்டு, விளக்கைப் போடச் சொன்னேன். வெயிலில் தெரியாது என்பதால் பாவாடையை விரித்து விளக்குக்கு நிழல் பிடித்தேன். பளிச்சென்று எரிந்தது. இப்போது மிதிக்கச் சொன்னேன். மிதித்ததும் விளக்கு மங்கவில்லை, செத்தே போயிற்று. காலை எடுத்ததும் பழையபடி எரிந்தது. பேட்டரி வறண்டிருந்தால் விளக்கு சிவந்து மங்கும். பட்டென்று சாகாது.

"பானை நெறஞ்சுதான் இருக்கு சித்தப்பா. வாய்தான் அடச்சிருக்கு."

சீட்டைத் தூக்கினோம். மேலே துடைத்தோமே தவிர, வயர் கவ்வியிருந்த இடத்துக்குள் அந்தப் பச்சைப் பாசி ஏறியிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. விளக்குக்குப் போகிற சொட்டு மின்சாரத்துக்கு அது வழி விட்டது. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய வெள்ளத்துக்கு விடவில்லை. சித்தப்பா கவ்வியைத் தளர்த்திக் கழற்றினார். கழுவ வெந்நீர் வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், உள்ளேயிருந்து ஒரு சின்னப் பையன் சொம்பில் வெந்நீரோடு ஓடி வந்தான். யார் கொடுத்தனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை. ஊற்றியதும் பாசி நுரைத்துக் கரைந்தது. ஈயக் கொம்பைச் சுரண்டக் கூர்மையாக ஏதாவது வேண்டும். சுற்றிப் பார்த்தேன். தாய்மாமன் கையில் பாக்குவெட்டி இருந்தது.

"அத்தக் குடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பாக்குவெட்டியைப் பார்த்தார், கொடுத்துவிட்டார். சித்தப்பா கொம்பையும் கவ்வியின் உட்புறத்தையும் வெள்ளி மாதிரி மின்னும்வரை சுரண்டினார். மாட்டி இறுக்கினார். இப்போது தெருவில் யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

கார் ஒரே மிதியில் கர்ஜித்தது. கோழிகள் கூரைமேல் ஏறின. வாசலில் கட்டியிருந்த பாகூர் மாடு ஒன்று தன் மாலையை உதறிவிட்டுத் துள்ளியது. தாய்மாமன் விடவில்லை. "அணைச்சிட்டு இன்னோர் தரம்" என்றார். சித்தப்பா அணைத்தார், மிதித்தார், கிளம்பியது. "இன்னோர் தரம்." கிளம்பியது. நாலாவது தரம் கேட்க அவர் வாயைத் திறந்தார், தானே சிரித்துவிட்டார். தொந்தி குலுங்கச் சிரித்தபடி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஏரிவரைக்கும் போவலாம் வா மாப்ள" என்றார். தம்பி போய் மாப்பிள்ளை ஆயிற்று. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் படிகளில் தொற்றிக்கொள்ள, கார் பாகூர் ஏரிக்கரையில் ஹாரன் அடித்துக்கொண்டே போய், ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. பெரியம்மா முகப்பிலிருந்த தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியப்பா யாரிடமோ, கரும்பு வண்டிக்கு மரச்சக்கரம்தான் லாயக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

புறப்படுமுன் சொல்லிக்கொள்வதற்காக நான் உள்ளே போனேன். பெண் ஜன்னலருகில் நின்றிருந்தாள். என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். நடந்தது முழுவதையும் அவளுக்குச் சொன்னேன்: கட்-அவுட், பூனை, சந்தனப் பாலம், விளக்கு மங்குவதற்கும் சாவதற்கும் உள்ள வித்தியாசம். எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்க சித்தப்பா வூட்லயும் இப்டித்தானா? பொட்டப் புள்ள சொன்னா கேட்டுக்குவாரா?"

"கேக்காம? அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அங்கே சித்தப்பா கறுப்பேறிய கைகளைப் புது வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மறுநாளே பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. வீட்டில் எல்லோரும் மோட்டாருக்குக் கிடைத்த வெற்றி என்றார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. இத்தனை சொல்லியும் டைனமோவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கத் தெரியாத பெண், எங்கள் வீட்டில் வந்து எப்படிக் காலம் தள்ளப் போகிறாள் என்றுதான் கவலையாக இருந்தது.